'மரணம்' என்ற குழு தந்த 'மனிதன்'

"இதுவும் ஒரு சங்கீதமா?" என்னும் கேள்வி எழாத வீடு உலகில் இராது. ஒரு தலைமுறை விரும்பும் இசையை அதற்கு முந்திய தலைமுறை ஐயத்துடன் நோக்குவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். 1940ஆம் ஆண்டில் ஆர்மோனியம் அகில இந்திய வானொலியின் நிலையங்களுக்குள் நுழையலாகாதென்று தடுக்கப்பட்டது. 1952ஆம் ஆண்டளவில் திரைப்படப் பாடல்களும் தரத்திற் குறைந்தவை என்று அங்கே ஒதுக்கப்பட்டன. அப்பாடல்களின்றி இருக்கமாட்டாத இந்திய மக்கள், கடல் கடந்து வந்த நமது இலங்கை வானொலியைத் தேடிப் பிடித்துக் கேட்டனர். அன்று ஒதுக்கப்பட்ட அப்பாடல்களுள் எத்தனையோ இன்று 'காலத்தால் அழியாதவை' என்ற பெயருடன் நம் வீடுகளிலே ஒலிக்கின்றன.

இந்நாளில் இக்கேள்விக்கு ஆளாகி நிற்கும் இசைகளுள் முதன்மையானது 'டெத் மெட்டல்' எனப்படுவது. 'மெட்டல்' என்பது உலோகம். 'டெத்' என்பது மரணம். பெயரைக் கேட்டவுடனேயே பெற்றோர் முகம் சுளிப்பர். கையடக்கத் தொலைபேசி வந்த பின்னர் உலகின் எந்த மூலையிற் பிறந்த இசையும் நம் கொஸ்லந்தையின் தோட்டத்து லயக் காம்பிராவுக்குள்ளும் தடையின்றி வந்து சேர்கின்றது. காதிலே கருவியை மாட்டிக்கொண்டு தலையை அசைத்திருக்கும் மகனிடமிருந்து அக்கருவியை வாங்கித் தம் காதில் வைத்துப் பார்க்கும் தந்தை, இடி முழக்கமும் உறுமலும் கேட்டுத் திடுக்கிடுகின்றார். பிள்ளை தவறான வழியிற் போய்விட்டானோ என்ற அச்சமும் அவருக்கு உண்டாகின்றது.

அந்த அச்சம் நியாயமானதா? இதற்கு விடை காண்பதற்கு, இவ்விசையின் சரித்திரத்தில் ஒரு திருப்பத்தை உண்டாக்கிய ஓர் இசைத்தொகுப்பின் வரலாற்றை அறிந்துகொள்வது பயன் தரும். 1991ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த அத்தொகுப்பின் பெயர் 'ஹியூமன்', அதாவது 'மனிதன்'. அதனைத் தந்த குழுவின் பெயர் 'டெத்', அதாவது 'மரணம்'.

துயரத்திற் கிடைத்த வாத்தியம்

டெத் குழுவை நிறுவியவர் சக் சுல்டினர் என்பவர். 1967ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்து லோங் ஐலண்டிற் பிறந்தார். அவர் குழந்தையாக இருக்கும்போதே குடும்பத்தினர் தென்கோடியிலுள்ள புளோரிடா மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தனர். சக்கிற்கு ஒன்பது வயதானபோது, பதினாறே வயதான அவருடைய தமையன் விபத்தொன்றில் இறந்துபோனான். துயரத்தில் மூழ்கிய சிறுவனின் மனத்தை மாற்றுதற்குப் பெற்றோர் ஒரு கிற்றாரை வாங்கிக் கொடுத்தனர். முறையான வகுப்பு ஓராண்டுகூட நீடிக்கவில்லை. ஆயினும் கிற்றாரை அவர் கைவிடவில்லை. கேட்டும் முயன்றும் தாமே கற்றுக்கொண்டார்.

1983ஆம் ஆண்டு, பதினாறு வயதில், நண்பர் இருவருடன் சேர்ந்து ஒரு குழுவைத் தொடங்கினார். மறுவருடம் அதற்கு 'டெத்' என்று பெயர் சூட்டப்பட்டது. தமையனின் மறைவால் நேர்ந்த துயரத்தை ஆக்கமான ஒன்றாக மாற்றவே அப்பெயரைத் தெரிந்தெடுத்தார் என்று கூறுவதுண்டு. பெற்றோர் வீட்டு வாகனக் கொட்டகையிலே பயிற்சி. ஒலிநாடாக்களைத் தபாலில் அனுப்பி ஊர் ஊராக ரசிகரைத் தேடுதல். இவ்வாறே அவருடைய இளமை கழிந்தது.

1987ஆம் ஆண்டு முதலாவது இசைத்தொகுப்பு வெளிவந்தது. அதன் பாடல்கள் பேய்ப்படங்களை ஒத்த கோரக் கற்பனைகள். பதின்ம வயதினர் ஒருவரையொருவர் பயமுறுத்தி மகிழும் விளையாட்டுப் போன்றவை. 1988இல் இரண்டாவதும், 1990இல் மூன்றாவதும் வந்தன. மூன்றாவதிலேயே ஒரு மாறுதல் தெரிகின்றது. பேய்களும் பிணங்களும் விலகுகின்றன. கடவுளின் பெயரால் நோய் தீர்ப்பதாகச் சொல்லி மக்களை ஏய்ப்போர் முதலிய சமூக விஷயங்கள் இடம்பெறுகின்றன. பாடியவர் வளர்ந்துகொண்டிருந்தார், அவருடன் பாட்டும் வளர்ந்தது.

ஓசையின் இலக்கணம்

மேலே செல்லுமுன் இவ்விசை எவ்வாறு அமைகின்றது என்பதை விளக்குதல் வேண்டும். மின்கிற்றாரின் தந்திகளை வழமையான சுருதியினும் தாழ்த்திக் கட்டுவர். அதன் நாதத்தை மின்கருவிகளால் வேண்டுமென்றே சிதைத்து, கரகரப்பான கனத்த ஓசையாக்குவர். முரசு வாசிப்பவர் இரண்டு கால்களாலும் இரண்டு மிதிகளை மாறி மாறி அழுத்திப் பெருமுரசை அதிவேகமாக முழக்குவார். கைகளோ வேறு கணக்கில் வேறு முரசுகளிலும் தாளத்தட்டுகளிலும் ஓடும். நான்கு அவயவங்களும் நான்கு வேலையைச் செய்யும் இவ்வித்தை எளிதில் வாய்ப்பதன்று.

குரல்தான் புதியவரை மிரளச் செய்வது. நாம் பேசவும் பாடவும் பயன்படுத்தும் குரல்நாண்களுக்குச் சற்று மேலே, 'பொய்க் குரல்நாண்கள்' எனப்படும் வேறு மடிப்புகள் உள்ளன. அவற்றை அதிரச் செய்து எழுப்பும் உறுமல் அது. தொண்டையைப் புண்ணாக்காமல் இதைச் செய்வதற்கு மூச்சுப் பயிற்சி அவசியம். பாட்டின் சொற்கள் செவிக்கு எளிதிற் புலப்படா. உறையிலே அச்சிட்டிருக்கும் வரிகளைப் பார்த்தே ரசிகர் அறிந்துகொள்வர்.

இக்குரல் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. அம்மன் திருவிழாவிலே அருள் வந்து ஆடுபவரின் குரல் இனிமையாகவா இருக்கின்றது? நள்ளிரவில் உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கியின் குரல் குயிலோசையா? அங்கே குரலிடம் நாம் எதிர்பார்ப்பது வேகமும் ஆவேசமுமேயன்றி இனிமையன்று. மாசி மாதத்திலே தோட்டங்களில் நடைபெறும் காமன் கூத்தில், தப்பு முழங்க முழங்க ஆட்டக்காரரின் நெஞ்சு படபடக்கும் அந்த உணர்ச்சியை அறிந்தவர்கள் நாம். தோலை நெருப்பிலே காய்ச்சி இறுக்கி, இரண்டு குச்சிகளால் அடிக்கும் அந்தத் தப்பை அறிந்த செவிக்கு டெத் மெட்டலின் முரசொலி ஒரு தூரத்து உறவினன் என்றே சொல்லலாம்.

நால்வர் கூடிய வேளை

1990ஆம் ஆண்டின் பிற்பகுதியில் டெத் குழு பிளவுபட்டது. ஐரோப்பியப் பயணமொன்று ஆரம்பமாகுந் தறுவாயில் சுல்டினர் அதிலிருந்து விலகினார். எஞ்சியிருந்தோர் அவரில்லாமலேயே அவருடைய குழுவின் பெயரில் மேடையேறினர். விவகாரம் வழக்கறிஞர் வரை சென்றது. சங்கீத உலகில் அவர்மீது பலவிதமான வதந்திகள் பரவின. இருபத்துமூன்று வயதில், குழுவுமின்றி நற்பெயருமின்றி அவர் தனித்து நின்றார்.

அந்நிலையிலேயே அவர் ஒரு துணிச்சலான முடிவை எடுத்தார். தம்மைப்போன்று வாசிப்பவர்களைத் தேடாமல், தம்மினும் வேறுபட்ட பயிற்சியுடையவர்களை அழைத்தார். மயாமி நகரத்துச் 'சினிக்' என்னும் குழுவைச் சேர்ந்த போல் மஸ்விடல் இரண்டாவது கிற்றாருக்கும், அவருடைய தோழர் ஷோன் ரைனேர்ட் முரசுக்கும் வந்தனர். இவ்விருவரும் இருபது வயது நிரம்பிய இளைஞர்; ஜாஸ் இசையை ஆழமாகக் கற்றவர். கலிபோர்னியாவிலிருந்து ஸ்டீவ் டிஜோர்ஜியோ பாஸ் கிற்றாருக்கு வந்து சேர்ந்தார். நால்வரும் புளோரிடாவின் டம்பா நகரிலுள்ள மொரிசவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஸ்கொட் பேர்ன்ஸ் என்பவரின் தயாரிப்பில் பதிவு செய்தனர். 1991ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆம் திகதி 'ஹியூமன்' வெளியாயிற்று. மொத்தம் எட்டு உருப்படிகள். ஏறத்தாழ முப்பத்துநான்கு நிமிடங்கள்.

முதல் உருப்படி தொடங்கும் விதமே புதுமையானது. கிற்றார் முன்னே வரவில்லை. முரசொலி மட்டும் தொலைவிலிருந்து மெல்ல மெல்ல நெருங்கி வருகின்றது. மலைச்சரிவின் கீழே புறப்பட்ட காவடி ஊர்வலத்தின் மேளம் ஒவ்வொரு வளைவிலும் ஓங்கிக்கொண்டு மேலேறி வருவதைப்போல் அது வளர்கின்றது. அதற்குப் பின்னரே கிற்றார்கள் பாய்கின்றன. ரைனேர்ட்டின் வாசிப்பில் வேகம் உண்டு. அவ்வேகத்திலும் ஒவ்வோர் அடியும் தனித்தனியே துலங்குகின்றது. ஒரே பாட்டிற்குள் தாளம் பலமுறை மாறுகின்றது. நடை குறுகி நீள்கின்றது. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்டு, கணக்குச் சிக்கலாகச் சிக்கலாக மகிழ்ச்சி பெருகக் கண்ட தமிழ் ரசிகருக்கு இந்த இன்பத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

'புரோகிரசிவ்' என்ற அடைமொழி இதனாலேயே இவ்விசைக்குச் சேர்ந்தது. 'முன்னேறிச் செல்வது' என்பது அதன் பொருள். பாட்டு, பல்லவி, மீண்டும் பாட்டு என்று சுற்றி வராமல், ஒரு கருத்திலிருந்து மற்றொன்றிற்கு நடந்து செல்லும் அமைப்பு அது. ஜாஸிலிருந்தும் மேற்கத்திய சாஸ்திரிய இசையிலிருந்தும் பயிற்சியைக் கடன் வாங்கும். ஆயினும் தன் சொந்த ஆவேசத்தை விட்டுக்கொடாது. வேறு வேறு மரபுகளைப் பழுதின்றி இணைக்கும் இத்தகைய முயற்சி தமிழருக்குப் புதிதன்று. 1986ஆம் ஆண்டு இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' என்னும் தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்கிற்கும் ஒருங்கே காணிக்கையாக்கியமை நேயர்கள் அறிந்ததே.

சொல்லிய பொருள்

ஓசையில் நேர்ந்த மாறுதல் பொருளிலும் நேர்ந்தது. 'ஹியூமன்' தொகுப்பிற் பேய் இல்லை, பூதம் இல்லை, இரத்தம் சொட்டும் கதைகள் இல்லை. மீளா நோயிற் கிடந்து வருந்துபவன் தன் முடிவைத் தானே தீர்மானிக்கலாமா என்ற கேள்வியை ஒரு பாட்டு எழுப்புகின்றது. உடல் ஒட்டிப் பிறந்த இரட்டையரின் வாழ்வை மற்றொன்று எண்ணிப் பார்க்கின்றது. தாம் விளங்கிக்கொள்ள முயலாத ஒன்றின்மீது பழி சுமத்துவோரை நோக்கி எழுந்தது வேறொன்று. இறுதியை அடுத்து வரும் உருப்படியிற் குரலே கிடையாது. விண்வெளியைப் 'பிரபஞ்சக் கடல்' எனப் பெயரிட்டு, வாத்தியங்களை மட்டும் அதில் மிதக்கவிட்டனர்.

பழி சுமத்துவோரைப் பற்றிய அப்பாட்டு, இவ்விசைக்கே உரிய உறுமலுடன் ஆரம்பிக்கவில்லை. மென்மையான கிற்றார் ஒலி சில கணங்கள் தனியே நிற்கின்றது, பின்னரே புயல். அக்குழு முதன்முதலாகத் தயாரித்த ஒளிப்படம் அப்பாட்டிற்கே அமைந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் அது இடம்பெற்றது. அதுவரை இவ்விசையைக் கேட்டிராத பலரை அங்கே அவர்களால் எட்ட முடிந்தது.

குழுவின் பெயர் மரணம். தொகுப்பின் பெயர் மனிதன். இப்பெயர்ப் பொருத்தம் சிந்திக்கத் தக்கது. சாவைக் காட்டிப் பயமுறுத்துவது சிறுபிள்ளைத்தனம். சாவு நிச்சயமென்று தெரிந்த மனிதன் எவ்வாறு வாழ்கின்றான், எவ்வாறு துன்புறுகின்றான், எவ்வாறு பிறரைத் துன்புறுத்துகின்றான் என்று கேட்பதே முதிர்ச்சி. இருபத்துநான்கு வயதில் அம்முதிர்ச்சிக்குச் சுல்டினர் வந்துவிட்டார்.

விழுந்த விதைகள்

ஒரு கலைப்படைப்பின் பெருமையை அதன் பின் வந்தவற்றைக் கொண்டு அளக்கலாம். 'ஹியூமன்' தனியே தோன்றிய அதிசயம் என்று சொல்வதற்கில்லை. அதே 1991இல் புளோரிடாவைச் சேர்ந்த 'எதிஸ்ட்' என்னும் குழுவும் ஜாஸ் கலந்த அற்புதமான தொகுப்பொன்றைத் தந்தது. அதன் பாஸ் கலைஞர் அவ்வாண்டின் தொடக்கத்திலே வீதி விபத்தில் மாண்டுவிட, அவர் ஆக்கி வைத்திருந்த பகுதிகளை வேறொருவர் வாசிக்க நேர்ந்தது. எனினும், பரந்த ரசிகர் கூட்டத்தைக் கொண்ட ஒரு குழு இத்தகைய மாறுதலைச் செய்தபோதுதான் மற்றவர்களுக்குத் துணிவு பிறந்தது.

மஸ்விடலும் ரைனேர்ட்டும் தம் சொந்தக் குழுவான சினிக்கிற்குத் திரும்பினர். 1992ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24ஆம் திகதி 'அன்ட்ரூ' என்ற சூறாவளி தென் புளோரிடாவைச் சூறையாடியது. சினிக் குழுவின் பயிற்சியிடம் அழிந்தது. ஒலிப்பதிவு ஓராண்டளவு தள்ளிப்போயிற்று. அந்தத் தாமதத்தில் அவர்கள் தம் பாடல்களை மீண்டும் மீண்டும் இழைத்துச் செப்பனிட்டனர். 1993இல் வெளிவந்த அவர்களுடைய 'ஃபோகஸ்', உறுமலுடன் இயந்திரத்தால் மாற்றிய மென்குரலையும், ஜாஸின் சாயல்களையும், கீழைத்தேயத் தியான மரபிற்குரிய எண்ணங்களையும் ஒன்றாகக் கோத்தது. அக்காலத்தில் பலருக்கு அது விளங்கவில்லை. மறுவருடமே குழு கலைந்தது. ஆனால் அத்தட்டு கைமாறிக் கைமாறி உலகெங்கும் சென்றது. 2006இல் அக்குழு மீண்டும் கூடியபோது, பிள்ளைப்பருவத்தில் அதைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை அவர்களை எதிர்கொண்டது.

சுல்டினரும் ஓயவில்லை. 1993, 1995, 1998 ஆகிய ஆண்டுகளில் மேலும் மூன்று தொகுப்புகள் வந்தன. ஒவ்வொன்றும் முந்தியதினும் நுட்பமானது. சுவீடன் நாட்டு 'ஓபெத்' குழு 2001இல் வெளியிட்ட 'பிளக்வோட்டர் பார்க்' தொகுப்பில் உறுமலும் தாலாட்டுப் போன்ற பாட்டும் ஒரே மூச்சில் வருவதைக் கேட்கலாம். பிரான்சின் 'கொஜிரா' குழுவினர் டெத் குழுவிடம் தாம் கற்றதை மறைப்பதில்லை. அந்தக் கொஜிராவே 2024ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் திகதி பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவிலே, பழைமையான கொன்சியேர்ஜெரி மாளிகையின் சாளரங்களில் நின்று, ஓப்பரா பாடகி ஒருவருடன் சேர்ந்து வாசித்தது. வாகனக் கொட்டகையிற் பிறந்த இசை, ஒரு தேசத்தின் சபையிலே அத்தேசத்தின் குரலாக ஒலித்தது.

தமிழர் கையில்

இவ்விசை தமிழர் கையிலும் வந்தது. 1992ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தமிழ் இளைஞர் சிலர் சேர்ந்து 'ருத்ரா' என்னும் டெத் மெட்டல் குழுவைத் தொடங்கினர். குரலும் பாஸ் கிற்றாரும் கதிர், முரசு சிவா. முதலாவது தொகுப்பு 1998இல் வெளிவந்தது. மேலைநாட்டுக் குழுக்கள் எழுப்பிய அதே கேள்விகளை, அதாவது நான் யார், மரணம் என்பது யாது, அழிவது எது, அழியாதது எது என்பவற்றை, இவர்கள் தம் மரபிலிருந்தே எடுத்துக்கொண்டனர். உபநிடதங்களும் பகவத்கீதையும் பாட்டின் பொருளாயின. வடமொழி மந்திர ஓதலும் இடையிடையே இந்திய வாத்திய நாதமும் இடி போன்ற கிற்றாருடன் கலந்தன. 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் 'பிரம்மவித்யா' என்ற பொதுப்பெயரில் மூன்று தொகுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 'வேதிக் மெட்டல்' என்று ஒரு தனிப்பிரிவையே உலக ரசிகர் பேசத் தொடங்கியதற்கு இக்குழு முக்கிய காரணம். சிங்கப்பூரின் இசை ஆய்வாளரும் இக்குழுவைத் தம் ஆராய்ச்சிக்குப் பொருளாகக் கொண்டுள்ளனர்.

நசிகேதன் என்ற சிறுவன் யமனுடைய வாயிலிற் காத்திருந்து, மரணத்தின் பின் யாதென்று அவனிடமே கேட்ட கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். மரணத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பது பக்குவமற்ற செயலென்று நம் முன்னோர் கருதவில்லை. அதையே ஞானத்தின் வாயில் என்றனர். ஆகவே இவ்விசையின் பெயரைக் கண்டு நாம் அஞ்சுவதற்குக் காரணமில்லை. நம் நாட்டிலும் கொழும்பின் 'ஸ்டிக்மாட்டா' முதலிய குழுக்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மெட்டல் இசையை வளர்த்து வந்திருக்கின்றன.

ஒரு கலைஞரின் முடிவு

1999ஆம் ஆண்டு மே மாதத்தில், சுல்டினரின் மூளைத்தண்டிலே கட்டி இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. சிகிச்சைக்குப் பெருந்தொகை தேவைப்பட்டது. உலகமெங்கும் ரசிகர் இருந்தும் அவர் செல்வந்தரல்லர். சக கலைஞர்கள் நிதிக் கச்சேரிகள் நடத்தினர். ரசிகர்கள் தம்மால் இயன்றதை அனுப்பினர். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நோய் திரும்பி வந்தது. 2001ஆம் ஆண்டு டிசெம்பர் 13ஆம் திகதி அவர் காலமானார். வயது முப்பத்துநான்கு.

நோயுற்ற அதே 1999இல் அவருடைய மற்றொரு குழுவின் தொகுப்பு வெளிவந்தது. அதில் உறுமல் இல்லை; வேறொரு பாடகர் தெளிந்த குரலிற் பாடியிருந்தார். சுல்டினருக்கு உறுமல் ஓர் உடையே தவிர உயிரன்று என்பதற்கு அதுவே சான்று. 2011இல் 'ஹியூமன்' புதிதாகக் கலக்கப்பட்டு மீண்டும் வெளியிடப்பட்டபோது, முன்னர் கிற்றார்களின் அடியிலே மறைந்து கிடந்த டிஜோர்ஜியோவின் பாஸ் ஒலி துலக்கமாக மேலே வந்தது. 2012இல் பழைய சகாக்கள் ஒன்றுகூடி அமெரிக்காவில் அவர் நினைவாகப் பயணம் மேற்கொண்டு, நோயினாலும் வறுமையினாலும் வாடும் இசைக்கலைஞருக்கு உதவும் நிதியமொன்றிற்குப் பொருள் சேர்த்தனர். முரசுக் கலைஞர் ரைனேர்ட்டும் 2020ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் திகதி, நாற்பத்தெட்டே வயதில் மறைந்தார். அவருடைய முரசொலி தொலைவிலிருந்து நெருங்கி வரும் அந்த ஆரம்பம் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கின்றது.

கொஸ்லந்தையின் பங்கு

இந்த வரலாறு தியலும அருவிக்கு அண்மையிலுள்ள நம் மலைச்சரிவுகளுக்கு என்ன சொல்கின்றது?

மரணத்துடன் பெயரளவிலே பிணைக்கப்பட்டு, அதனாலேயே இகழப்படும் இசை நம்மிடமும் ஒன்று உண்டு. அது தப்பு. அதிகாலையிலே தொழிலாளரைப் பிரட்டுக்களத்திற்கு அழைத்தது தப்பு. காமன் கூத்தில் மன்மதன் எரிந்ததையும் ரதி புலம்பியதையும் பின்னர் அவன் உயிர்த்தெழுந்ததையும் சொல்வது தப்பு. திருவிழாவுக்கு ஓர் அடி, கூத்திற்கு ஓர் அடி, இழவிற்கு ஓர் அடி என்று அதன் கணக்கு பலவகை. இத்தனையும் இருக்க, 'சாவு மேளம்' என்ற ஒரே பெயரால் அதனைக் குறுக்கி, அடிப்பவரின் சாதியையும் சேர்த்து இழிவு செய்த பழி நம் சமுதாயத்திற்கு உண்டு. தந்தை அடித்த தப்பைத் தொடுவதற்கு மகன் வெட்கப்படும் நிலையை உண்டாக்கியவர்கள் நாமேயன்றி வேறெவரும் அல்லர்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தையின் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அத்தகைய துயரத்தின் முன்னே இனிய சங்கீதம் வாயடைத்து நிற்கும். ஒப்பாரியும் தப்பும் மட்டுமே மனிதனுடைய நெஞ்சை அங்கே திறக்க வல்லவை. தமையனை இழந்த ஒன்பது வயதுச் சிறுவனுக்குக் கிற்றார் எதைச் செய்ததோ, அதையே நம் மக்களுக்குத் தப்பு தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்திருக்கின்றது.

தமிழகத்திலே நிலைமை மாறி வருகின்றது. அங்கே பறை என வழங்கும் இவ்வாத்தியத்தைக் கல்லூரி மாணவ மாணவியர் விரும்பிப் பயில்கின்றனர். மதுரை மாவட்டத்து அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. பயிற்சியும் சிந்தனையும் சேர்ந்தால் எந்த ஓசையும் கலையாகும் என்பதை 'ஹியூமன்' காட்டியதுபோல், பறையும் காட்டிக்கொண்டிருக்கின்றது.

பெற்றோர்க்கு நாம் கூற விரும்புவது இது. பிள்ளை கேட்கும் இசை உறுமுகின்றதே என்று உடனே தடுத்துவிடாதீர்கள். இப்பாட்டு எதைச் சொல்கின்றது என்று அவனிடமே கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்தால் அவன் சிந்திக்கின்றான். தெரியாவிட்டால் வரிகளை வாசித்து அறிந்து வரட்டும். தடுக்க வேண்டியது ஒலியின் அளவை மட்டுமே. எண்பது டெசிபல் அளவில் வாரத்திற்கு நாற்பது மணி நேரத்திற்கு மேற்படலாகாதென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஒலி கூடக்கூட நேரம் விரைவாகக் குறைய வேண்டும்.

மாணவர்க்கும் ஒரு சொல். இரட்டை முரசின் கணக்கை வியந்து கேட்கும் உங்கள் செவி, உங்கள் தோட்டத்து முதிய தப்புக் கலைஞரின் கணக்கையும் ஒருமுறை கேட்கட்டும். அவர் அறிந்த அடிகள் எத்தனை, ஒவ்வொன்றின் பெயர் என்ன, எது எந்த வேளைக்கு உரியது என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள். 'ஹியூமன்' ஒலிக்கும் அதே தொலைபேசியில் அவருடைய வாசிப்பையும் பதிந்து வையுங்கள். அவர் வயது எழுபதைத் தாண்டியிருந்தால், அடுத்த மாசி வரை காத்திராதீர்கள்.